பீப்பாயைத் திறந்து பார்ப்பது யார்?

பால்பாயிண்ட் பேனாவின் மையில் தயோடைகிளைக்கால் என்ற கரைப்பான் சேர்வதுண்டு. துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலைகளும் அதை வாங்கும். அதே திரவம்தான் மஸ்டர்ட் வாயு எனப்படும் ரசாயன ஆயுதத்துக்கும் மூலப்பொருள். பீப்பாயைப் பார்த்து அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வாங்குகிறவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று கேட்டால்தான் தெரியும்.

1980களில் அதைக் கேட்க ஆளில்லை. 1988 மார்ச் 16 அன்று ஈராக்கின் வடக்கே குர்து மக்கள் வாழும் ஹலப்ஜா என்ற ஊரின் மீது சதாம் உசேனின் விமானங்கள் ரசாயனக் குண்டுகளைப் போட்டன. ஏறக்குறைய 5,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஈராக்கின் ரசாயன ஆயுதங்களுக்கு மூலப்பொருள் எங்கிருந்தெல்லாம் போனது என்பது பிற்பாடு அந்த நாடு ஐக்கிய நாட்டு ஆய்வாளர்களிடம் கொடுத்த கணக்குகள் வழியே வெளியே வந்தது. நெதர்லாந்து, எகிப்து, இந்தியா, மேற்கு ஜெர்மனி. அந்த வரிசையில் சிங்கப்பூரும் இருக்கிறது. இங்கிருந்து இயங்கிய ஒரு வணிக நிறுவனம் வழியாக 4,000 டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு போயிருக்கிறது என்று வெளியான விவரங்கள் சொல்கின்றன.

முதன்முதலில் அதைப் படித்தபோது நெடுநேரம் என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. நம் ஊர் யாருக்கும் குண்டு செய்து கொடுக்கவில்லை. வாங்கி விற்றது ஒரு கடை, அவ்வளவுதான். அப்படி விற்பதைத் தடுக்கும் சட்டம் அப்போது உலகின் பெரும்பாலான நாடுகளில் இல்லவும் இல்லை. ரசாயனம், கிருமி, அணு ஆகிய மூன்றிலும் நாடுகள் கைகோத்து வேலை செய்வதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த டன் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. நல்ல எண்ணம் மட்டும் ஒரு துறைமுகத்தைக் காப்பாற்றாது. பீப்பாயைத் திறந்து பார்க்க ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் இடத்தில் ஒப்பந்தங்கள் வேலை செய்கின்றன. இல்லாத இடத்தில் காகிதமாகவே கிடக்கின்றன.

மூன்றில் நன்றாக வேலை செய்வது ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம். 1993 ஜனவரியில் பாரிசில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது, 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் அடுத்த மாதமே உறுதிசெய்து சேர்ந்துகொண்டது. இன்று 193 நாடுகள் உள்ளே இருக்கின்றன. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் ரசாயன ஆயுதத் தடை அமைப்பு இதை நடத்துகிறது. 2013இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றதும் அதுதான். உறுப்பு நாடுகள் தங்களிடம் இருப்பதாக ஒப்புக்கொண்ட 72,304 டன் ரசாயன ஆயுதங்களில் கடைசிக் குண்டு 2023 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அழிக்கப்பட்டது. ஒரு முழு வகை ஆயுதத்தை, சாட்சிகளை வைத்துக்கொண்டு, எடை போட்டு எடை போட்டு ஒழித்திருக்கிறார்கள். அந்தச் செய்திக்கு அன்று கிடைத்த இடம் போதவே போதாது என்பது என் வருத்தம்.

இருப்பை அழித்தது அந்த ஒப்பந்தத்தின் ஒரு பாதி. மறுபாதி, புதிதாக யாரும் செய்யாமல் பார்ப்பது. அதற்காக ரசாயனங்களை மூன்று அட்டவணைகளில் போட்டிருக்கிறார்கள். முதலாவதில் சரின் போன்ற ஆயுதங்களே இருக்கின்றன. இரண்டாவதில் நம் பேனா மைக் கரைப்பான். மூன்றாவதில் பெரிய ஆலைகள் டன் டன்னாகக் கையாளும் பொருள்கள். முதல் உலகப் போரில் பல்லாயிரம் பேரைக் கொன்ற பாஸ்ஜீன் இன்று பிளாஸ்டிக் தயாரிப்பில் உதவுகிறது, அது அங்கே இருக்கிறது. ஷாம்புவிலும் முகப்பூச்சிலும் சேரும் டிரைஎத்தனால்அமீனும் அதே அட்டவணையில்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் அட்டவணைப் பொருளாக இருந்தால் பயன்படுத்தும் ஆலைக்கும் அதே கடமை. தி ஹேக்கிலிருந்து வரும் ஆய்வாளர்கள் ஆலைக்குள் நடந்துபோய், தொட்டியையும் குழாயையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தனியார் ஆலைக்குள் வெளிநாட்டு அதிகாரி நுழைந்து கேள்வி கேட்க எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதித்திருப்பது சாதாரண விஷயம் இல்லை.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கைப் பார்ப்பது சுங்கத்துறைக்குள் இருக்கும் தேசிய ஆணையம். வேலைக்குக் குறைவிருக்காது. ஏழு தீவுகளை மண் போட்டு ஒன்றாக்கி, 2000ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறந்த ஜூரோங் தீவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் நம் ஆட்கள் காலையில் பாஸைக் காட்டி, சோதனைச் சாவடியைக் கடந்து, பாலத்தில் போகிறார்கள். நாட்டின் மிகக் கவனமான கதவுகளில் ஒன்று அது.

ஆய்வுக்கூடக் கதை இன்னும் சுவையானது. எங்கோ ஒரு நாட்டில் நச்சுவாயு வீசப்பட்டதாகப் புகார் வந்தால், மண்ணையும் துணியையும் சோதித்துச் சொல்ல ரசாயன ஆயுதத் தடை அமைப்பு நம்பும் ஆய்வுக்கூடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றில் ஒன்று சிங்கப்பூரின் தற்காப்பு ஆய்வுகளை நடத்தும் டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்களில், 2003 முதல் இருக்கிறது. ஒருமுறை தேறிவிட்டால் முடிந்துவிடாது. திரும்பத் திரும்பப் பரீட்சை வைக்கிறார்கள். பெயர் சொல்லாத மாதிரிகள் வரும், குறித்த நாள்களுக்குள் விடை சொல்ல வேண்டும். இல்லாத நஞ்சை இருக்கிறது என்று எழுதிவிட்டால் உடனே தோல்வி. ஏன் இவ்வளவு கண்டிப்பு? தவறான ஒரு விடையை வைத்து ஒரு நாட்டின் மீது பழி விழலாம், போர்கூட மூளலாம். அதனால்தான் உண்மையான மாதிரிகளை ஒரே கூடத்துக்கு அனுப்புவதில்லை. தனித்தனியாகக் குறைந்தது இரண்டு கூடங்கள் பார்த்து, இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் நாடுகளைக் கட்டுப்படுத்தும். நாடே அல்லாத ஒருவர் வாங்கினால்? 1995 மார்ச் 20 அன்று தோக்கியோ ரயில்களில் சரின் வாயுவைக் கசியவிட்டது ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு. அதற்கான ரசாயனங்களைத் தான் அமைத்த போலி நிறுவனங்கள் வழியாகச் சாதாரண வியாபாரம்போல வாங்கியிருந்தது. எட்டு ஆண்டு கழித்து இன்னொரு சம்பவம், இது நமக்கு மிகப் பக்கத்தில். 2003 அக்டோபரில் துபாயிலிருந்து லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘பிபிசி சைனா’ என்ற கப்பலை இத்தாலிக்குத் திருப்பிவிட்டுச் சோதித்தார்கள். அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரத்துக்கான பாகங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ.கான் நடத்திய கள்ளச் சந்தையின் சரக்கு அது. பாகங்களைச் செய்தது மலேசியாவில் ஒரு தொழிற்கூடம். அதற்கான அலுமினியம் சிங்கப்பூரில் இருந்த ஒரு நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டது என்று மலேசியக் காவல்துறை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. விற்றவருக்கு அது வெறும் அலுமினியம். செய்தவர்களும் எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகம் என்று நினைத்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த ஏப்ரலில், 2004ஆம் ஆண்டு 28ஆம் தேதி, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1540ஆம் எண் தீர்மானத்தை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. ஒவ்வொரு நாடும் இந்த மூன்று வகைப் பொருள்களும் தனியார் கைக்குப் போகாமல் தடுக்கச் சட்டம் போட வேண்டும், எல்லையில் காவல் வைக்க வேண்டும், இடைத்தரகையும் கண்காணிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாத நாட்டையும் அது கட்டுப்படுத்தும். அதைக் கண்காணிக்கும் குழுவின் காலத்தை 2032 நவம்பர் வரை நீட்டியிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் அதற்கு முன்பே விழித்திருந்தது. ஆயுதத்துக்கும் உதவக்கூடிய பொருள்களைப் பட்டியல் போட்டுக் கண்காணிக்கும் உத்திமுக்கியப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஏற்றுமதி மட்டுமல்ல, ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது, இங்கே தொடாமல் தரகு மட்டும் பேசுவது, வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவது எல்லாம் அதற்குள் வரும். பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் அனுமதி வாங்காமல் அனுப்பக் கூடாது. 1980களின் அந்தப் பழைய ஓட்டை அடைபட்டது இந்த ஒரு விதியால்தான் என்பேன்.

ஆனால் சட்டத்தை நாள்தோறும் தூக்கிச் சுமப்பவர்கள் யார்? எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்க்கிறார். பெர்மிட் போடுவதும் இன்வாய்ஸ் சரிபார்ப்பதும்தான் அவர் வேலை. “பொருள் என்னன்னு எனக்குப் பாதி நேரம் புரியாதுடா. ஆனா ஆளைப் புரியும்,” என்பார். “புது வாடிக்கைக்காரர், விலையே பேசாம முழுக் காசும் முன்னாடியே கட்டுறேங்கிறார், மெஷினை மாட்டிக் கொடுக்க ஆள் வேணாங்கிறார், போய்ச் சேர்ற முகவரின்னு இன்னொரு சரக்கு கம்பெனி பேரைக் கொடுக்கிறார்னா, எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும். மேலே சொல்லிடுவேன்.” சுங்கத்துறை நிறுவனங்களுக்குச் சொல்லித்தரும் எச்சரிக்கைக் குறிகளும் ஏறத்தாழ இவையேதான். தி ஹேக்கிலும் நியூயார்க்கிலும் முடிவாகும் பெரிய வார்த்தைகள் கடைசியில் தஞ்சோங் பகாரில் ஒரு மேசைக்கு இப்படி வந்து சேர்கின்றன.

2024இல் சிங்கப்பூர்த் துறைமுகத்தைக் கடந்த சரக்குப் பெட்டிகளின் கணக்கு, இருபதடிப் பெட்டி அளவில், 4 கோடியே 11 லட்சம். பெரும்பகுதி வேறு ஊரிலிருந்து வந்து வேறு ஊருக்குப் போவது. அத்தனையையும் திறந்து பார்த்தால் உலக வணிகம் நின்றுவிடும். அதனால் தகவலைப் பகிர்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போகும் பெட்டிகளை ஏற்றும் துறைமுகத்திலேயே சோதிக்கும் திட்டத்தில் 2002இல் கையெழுத்திட்ட முதல் ஆசியத் துறைமுகம் நம்முடையது. கடலில் சந்தேகக் கப்பலை மறித்துச் சோதிக்கப் பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து பழகும் ‘டீப் சேபர்’ பயிற்சியைச் சிங்கப்பூர் 2005, 2009, 2016 ஆண்டுகளில் நடத்தியது. பெட்டிகள் கதிர்வீச்சு உணரும் கதவுகள் வழியாக நகர்வதும் உண்டு. வாழைப்பழமும் கிரானைட்டும்கூட அந்தக் கதவை அலறவைக்கும். இயற்கையிலேயே அவற்றில் சிறிது கதிர்வீச்சு உண்டு.

கிருமிக்கு வருவோம். இங்கேதான் மனம் சோர்கிறது.

உயிரியல் ஆயுதத் தடை ஒப்பந்தம் மூத்தது. 1972இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் அந்த ஆண்டே உறுதிசெய்தது. ஆனால் யாரும் யாருடைய கூடத்தையும் போய்ப் பார்க்க அதில் வழி இல்லை. ஆய்வாளர்கள் இல்லை. ரசாயன அமைப்பில் ஏறத்தாழ 500 பேர் வேலை செய்கிறார்கள் என்றால், ஜெனீவாவில் கிருமி ஒப்பந்தத்தின் அலுவலகத்தில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாடுகள் ஆண்டுதோறும் தாங்களாக அனுப்பும் விவரப் படிவம் ஒன்று உண்டு, அதையும் அனுப்பாத நாடுகள் பல. சோதனை முறை ஒன்றைச் சேர்க்க ஆண்டுக்கணக்கில் நடந்த பேச்சு 2001இல் முறிந்தது. 2022 டிசம்பரில் புதிய பணிக்குழு அமைத்து மீண்டும் பேசத் தொடங்கினார்கள்.

பார்க்க ஆளில்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு 1979 ஏப்ரல் சாட்சி. சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ராணுவ வளாகம் ஒன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்தது. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி தின்றதால் வந்த நோய் என்று அரசு சொன்னது. ஒப்பந்தத்தின் மூலப்படியைக் காக்கும் பொறுப்பு பெற்ற மூன்று நாடுகளில் சோவியத்தும் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். ராணுவம்தான் காரணம் என்று ரஷ்ய அதிபர் எல்ட்சின் ஒப்புக்கொண்டது 1992இல். பதின்மூன்று ஆண்டுகள், இறந்தவர்களின் வீட்டாருக்கு உண்மை தெரியாது.

இதற்குப் பக்கத்தில் நம் 2003ஐ வைக்கிறேன். அந்த ஆண்டு சார்ஸ் இங்கே 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொண்டுபோனது. வெப்பமானியும் கையுமாக நாம் அலைந்த மாதங்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு, செப்டம்பரில், 27 வயது முதுநிலை மாணவர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதித்தால் சார்ஸ். அவர் ஆய்வுக்கூடத்தில் கையாண்டது சார்ஸ் கிருமியே அல்ல, மேற்கு நைல் கிருமி. அந்த மாதிரிக்குள் சார்ஸ் கிருமி கலந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு வெளிநாட்டு நிபுணர்கள் அடங்கிய குழு வந்து பார்த்தது. கூடத்தின் பாதுகாப்பு முறைகள் போதவில்லை என்று அந்த மாதத்துக்குள்ளேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. மாணவர் குணமடைந்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. பெய்ஜிங்கில் அடுத்த ஆண்டு இதேபோல் ஆய்வுக்கூடத்திலிருந்து சார்ஸ் வெளியேறியபோது ஓர் ஆய்வாளரின் தாயார் உயிரிழந்தார்.

அதன் பலனாக, உயிரியல் கிருமிகள், நச்சுகள் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. ஆபத்தான கிருமியை வைத்திருக்கவும் இறக்குமதி செய்யவும் அனுமதி வேண்டும், உயர்பாதுகாப்புக் கூடம் ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும். அந்தச் சம்பவத்தை மூடி மறைத்திருக்கலாம், ஊர் அப்போதுதான் மூச்சு விட்டிருந்தது. வெளியாரை அழைத்துத் தன் குறையைச் சொல்லவைத்ததை நான் பெரிய துணிவாக நினைக்கிறேன். கிருமி ஒப்பந்தத்தில் இல்லாத அந்த ஆய்வாளரை, ஒரு நாடு தானாகக் கூப்பிட்டுக்கொண்டது.

அக்கம்பக்கத்திலும் அந்தப் பழக்கம் பரவ வேண்டும். 2018இல் ஆசியான் தலைமை நம்மிடம் இருந்தபோது, ரசாயன, உயிரியல், கதிரியக்க ஆபத்துகளைக் கையாளும் தற்காப்பு வல்லுநர்களின் ஆசியான் கட்டமைப்பு தொடங்கியது. யோசனை சிங்கப்பூருடையது. ஓர் ஆய்வாளர் பக்கத்து நாட்டு ஆய்வாளரின் தொலைபேசி எண்ணை வைத்திருப்பதுதான் இதில் உண்மையான லாபம். ஆபத்து வந்த இரவில் தூதரகம் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

அணுவைப் பற்றிப் பேசினால் எல்லாரும் குண்டைப் பேசுவார்கள். அதில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 1993 முதல் 2013 வரை ரஷ்யக் குண்டுகளில் இருந்த 500 டன் செறிந்த யுரேனியத்தை நீர்க்கச்செய்து அமெரிக்கா வாங்கியது, உலைகளில் எரித்தது. ஏறத்தாழ 20,000 குண்டுகளுக்கான பொருள். அந்த ஆண்டுகளில் அமெரிக்க மின்சாரத்தில் சுமார் 10 விழுக்காடு அதிலிருந்து வந்தது. அமெரிக்க நகரங்களை நோக்கி வைத்திருந்தது, அந்த நகரங்களின் விளக்கை எரித்தது.

நமக்கு நெருக்கமான ஆபத்து வேறு. சிங்கப்பூரில் அணு உலை இல்லை. ஆனால் மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். கப்பல் பட்டறையில் குழாய் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கதிரியக்கக் குப்பியைக் கொண்டுவருகிறார்கள். இரவில் கயிறு கட்டி, “எக்ஸ்ரே எடுக்கிறாங்க, அந்தப் பக்கம் போகாதே” என்று சத்தம் போடுவதைப் பட்டறையில் வேலை செய்தவர் எல்லாரும் கேட்டிருப்பார்கள். இங்கே அவற்றுக்கெல்லாம் உரிமமும் கணக்கும் உண்டு. கணக்கு தவறிய இடங்களில் அந்தக் குப்பி கடைசியில் போவது காயலான் கடைக்கு. 2000இல் தாய்லாந்தின் சமுத் பிரகானில் கைவிடப்பட்ட, கதிரியக்கக் கோபால்ட் அடங்கிய கருவியைப் பழைய இரும்பு என்று உடைத்து மூவர் இறந்தார்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் ஏலம்விட்ட பழைய கருவிக்குள் இருந்த கோபால்ட் ஓர் உயிரைப் பறித்தது. வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் நம் கரங்குனிக்காரரைப் போன்ற ஒருவர்தான் ஒவ்வொரு முறையும் முதலில் தொடுகிறார். சுத்தியலோடு உட்கார்ந்தவருக்குத் தன் மடியில் இருப்பது என்ன என்று சொல்ல ஒருவரும் இல்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கத் துறைமுகங்களில் இந்தோனீசியாவிலிருந்து போன உறைந்த இறால் பெட்டிகள் கதிர்வீச்சு உணரும் கருவிகளிடம் சிக்கின. காரணம் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். தேடிப் போனால் தடம் ஜகார்த்தாவுக்கு மேற்கே சிக்கண்டே தொழிற்பேட்டையில் பழைய உலோகத்தை உருக்கிய ஓர் ஆலைக்குப் போனது. குண்டைத் தேடி வைத்த கருவி, நம் அண்டை வீட்டுத் தொழிலாளர்கள் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்த தூசியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அனைத்துலக அணுசக்தி அமைப்பு 1995 முதல் வைத்திருக்கும் தரவுத்தளத்தில், காணாமல்போன, திருடுபோன, கள்ளமாக விற்கப்பட்ட கதிரியக்கப் பொருள்களைப் பற்றி 4,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. உலைகளில் உள்ள யுரேனியத்தைப் பார்க்க அந்த அமைப்பின் ஆய்வாளர்கள் போகலாம். இந்தச் சிறு குப்பிகளுக்கு 2003இல் எழுதிய நடத்தை நெறி ஒன்று இருக்கிறது, அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

இவ்வளவு ஒத்துழைப்பிலும் ஒரு தொழிலாளி கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட இரவில், கசிந்தது என்ன வாயு, அதற்கு முறிமருந்து என்ன என்று மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியாமல் இருந்தது. ஒரே ரசாயனத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு எச்சரிக்கை எழுதிய காலம் அது. எல்லாருக்கும் ஒரே அடையாளம் வேண்டும் என்று 1992 ரியோ மாநாட்டில் பேசி, 2003இல் ஐ.நா. வெளியிட்டது. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் ஒன்பது படங்கள். தீ, மண்டையோடு, செத்த மீன், நெஞ்சு வெடித்த மனிதன். சிங்கப்பூரும் அதையே பின்பற்றுகிறது. புதுக்கோட்டைக்காரரும் பங்களாதேஷ்காரரும் சீனக்காரரும் ஒரே பீப்பாயைச் சுற்றி நிற்கும் ஊரில் அது எவ்வளவு பெரிய உதவி!

ஊர்ப்பக்கத் தம்பி ஒருவர் தொட்டி சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். போன மாதம் கை கழுவச் சமையலறைக்குப் போனவர், கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த அடைப்பு நீக்கும் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியலண்ணே. ஆனா இந்தப் படம் தெரியும். டூல்பாக்ஸ் மீட்டிங்ல தினமும் காட்டுவாங்க. கையத் தின்னுடும்,” என்றார். அப்போது என் மகள் தவழத் தொடங்கியிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, புட்டியை மேல் அலமாரியில் வைத்தார்.